ஆரம்பப் பள்ளியில் ஸரிகம: பாட்டு உண்டு, பாடம் எங்கே?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகிறது. 1970-ஆம் ஆண்டு முதல் அரசு விழாக்களில் பாடப்பட்டு வந்த அந்தப் பாட்டை, 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் என்று சர்க்கார் அறிவித்தது. அந்த உத்தரவில் ஒரு விசேஷம் உண்டு. பாட்டு எந்த ராகத்தில் அமைய வேண்டும், எந்த நடையில் போக வேண்டும், எத்தனை நேரத்தில் முடிய வேண்டும் என்றெல்லாம் அதில் வரையறை செய்திருக்கிறார்கள். ராகம் மோகனம், நடை திசிரம், அதாவது மூன்றன் நடை, காலம் 55 விநாடி. இசைத் தட்டைச் சுழல விட்டுவிட்டு நிற்காமல், பயிற்சி பெற்றவர்கள் வாய்விட்டுப் பாட வேண்டும் என்பதும் அதன் கருத்து.

கட்டாயக் கல்விச் சட்டப்படி முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களாவது பள்ளி நடக்க வேண்டும். நாள்தோறும் பாடினால் ஐந்து வருஷத்தில் ஒரு பிள்ளை ஆயிரம் தரம் மோகனம் பாடிவிடுகிறது. ஆயிரம் தரம் பாடிய பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ பாடியதில் எத்தனை ஸ்வரம்? எது மேல், எது கீழ்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். அதன்மேல் குற்றமில்லை. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. எழுத்தைக் கண்ணால் பார்த்து வாசிக்கக் கற்றுக் கொடுத்த நாம், ஒலியைக் காதால் கேட்டு இன்னதென்று அறியக் கற்றுக் கொடுக்கவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் பனவடலிசத்திரம் இருக்கிறது. வடலி என்றால் இளம் பனை. பெயரில் பனையும் சத்திரமும் சேர்ந்திருக்கும் இந்த ஊர், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதனுள் சேர்ந்தது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. இப்படிப்பட்ட ஓர் ஊரின் ஆரம்பப் பள்ளிக்குச் சங்கீத வாத்தியார் என்று ஒருவர் வரக்கூடுமா என்று பார்ப்போம்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 90 வரை மூவர். 120 வரை நால்வர். கலை, உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதி நேர ஆசிரியர் வைக்கலாம் என்று அதே அட்டவணை சொல்வது ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குத்தான். அங்கேயும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பேச்சே இல்லை.

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். அவர்களும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு உரியவர்களே. அவர்களில் பெரும் பகுதியினர் உடற்கல்வியும் ஓவியமும் கற்பிப்பவர்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தி வந்த போராட்டங்களைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பதவிகளுக்கு விளம்பரம் செய்தது. மொத்தம் 1,325 இடங்கள். உடற்கல்விக்கு 663, ஓவியத்துக்கு 327, தையலுக்கு 249. இசைக்கு எத்தனை தெரியுமா? 86. தையலில் மூன்றில் ஒரு பங்கு!

திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது, வாய்ப்பாட்டு, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் அங்கே மூன்று வருஷப் படிப்பாக நடக்கின்றன. ஆனால் மாவட்ட இசைப்பள்ளிகளில் சேர வயது 12 ஆகியிருக்க வேண்டும். காது மிகவும் கூர்மையாகப் பதியும் பருவமோ அதற்கு முந்தியது. சுருதியை எந்தத் துணையும் இல்லாமல் இன்னதென்று சொல்லும் ஆற்றல் படைத்தவர்களில் மிகப் பலர் ஆறேழு வயதுக்குள் பயிற்சியைத் தொடங்கியவர்களாக இருக்கிறார்கள் என்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பட்டணத்துப் பிள்ளைக்கு அந்த வயதில் மாதச் சம்பளம் கொடுத்துப் பாட்டு வாத்தியார் வைக்கிறார்கள். நாகசுரக்காரர், தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த வீடே பள்ளிக்கூடம். மற்றப் பிள்ளைகளுக்கு? காலை வணக்கப் பாட்டு ஒன்றுதான். அதைக்கூடப் பாடமாக்காமல் விட்டுவிட்டோம் என்பதே நமது குறை.

இந்தச் சீமையின் சொத்து

இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டைக் காகிதத்தில் எழுதிப் பிடிக்கும் வித்தைக்கு இந்தச் சீமையைப் போல உழைத்த பிரதேசம் தென்னாட்டில் வேறு கிடைப்பது அரிது. முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமான எட்டயபுரம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் அதே எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரும் நூலை அச்சேற்றினார். ஸ்வரம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஸ்வரத்தை அசைப்பது, வழுக்குவது, தொட்டு விடுவது ஆகிய கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் வகுத்தார். வாய்மொழியாகவே வந்த வித்தை அழிந்து போகாமல் இருக்க எழுத்து வேண்டும் என்று வற்புறுத்தி அவரைத் தூண்டியவர், கீர்த்தனைகளை மேனாட்டுக் கோட்டு முறையில் எழுதி வெளியிட்டு வந்த சின்னசாமி முதலியார். ஜமீன் கஜானா செலவை ஏற்றது.

இன்னொருவர் ஆபிரகாம் பண்டிதர். இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்தவர். தஞ்சாவூரில் பெரிய சித்த வைத்தியராகவும் இசை ஆராய்ச்சியாளராகவும் விளங்கினார் என்பது பலருக்குத் தெரியும். அவர் முதலில் பள்ளிக்கூட ஆசிரியர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1912 முதல் தஞ்சையில் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டில் தம் புதல்வியரையே பாடியும் வாசித்தும் காட்டச் செய்து தம் சுருதிக் கொள்கையை விளக்கினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பழந்தமிழர் வழங்கிய ஏழும்தான் ஸரிகமபதநி என்பதை ஊரறியச் சொன்னவர்களில் அவர் முன்னணியில் நிற்பவர்.

சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்தைக் கேளாத தமிழர் இல்லை. எழுதிப் பிடித்தவர்களும் பாட்டைப் பெருக்கியவர்களும் நடமாடிய இந்த மண்ணின் பிள்ளைகள் ஸ்வரம் என்றால் என்னவென்று அறியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள்.

முதலில் காது, பிறகு எழுத்து

'ஸ்வரம் கற்பிப்பதென்றால் ஆர்மோனியம் வேண்டும், வித்துவான் வேண்டும்' என்று பயப்பட வேண்டியதில்லை. குழந்தைக்கு முதலில் வேண்டியது மேல் ஒலி எது, கீழ் ஒலி எது என்ற பகுத்தறிவு. பூவரச இலையைச் சுருட்டி ஊதும் பிள்ளைக்கு இது பாதி தெரிந்த விஷயம். சிறிய பீப்பி கீச்சென்று கத்தும். நீளப் பீப்பி தாழ்ந்து கத்தும். ஒரே அளவான இரண்டு எவர்சில்வர் தம்ளர்களை எடுத்து ஒன்றில் தண்ணீரைக் கூட்டுங்கள், கரண்டியால் தட்டுங்கள். தண்ணீர் கூடியது தாழ்ந்து ஒலிக்கும். அதுவே வாய் குறுகிய கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி வாயருகே ஊதினால் நேர்மாறாக, தண்ணீர் கூடக் கூட ஒலி ஏறும். தட்டும்போது அதிர்வது பாத்திரம். ஊதும்போது அதிர்வது உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று. 'ஏன் மாறிற்று?' என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைக்கு விஞ்ஞானப் பாடமும் நடந்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, ஆதார சுருதி. நமது சங்கீதத்தில் ஸட்ஜம் இன்ன உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாடுகிறவர் தொண்டைக்கு ஏற்ற இடத்தில் அதை வைத்துக் கொள்ளலாம். ஆண்கள் ஒரு கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். வைத்த இடத்திலிருந்து மற்ற ஸ்வரங்கள் எவ்வளவு தூரம் என்பதே முக்கியம். ஆகையால் வகுப்பு ஆசிரியர் தமக்குச் சௌகரியமான சுருதியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை வருத்தக் கூடாது. பிள்ளைகளுக்கு ஏற்ற சுருதியைத் தாம் எடுத்துக் கொள்ள வேண்டும். முன்பு இதற்குச் சுருதிப் பெட்டி தேட வேண்டியிருந்தது. இன்று ஆசிரியரின் கைப்பேசியிலேயே காசில்லாமல் தம்புரா ஒலிக்கிறது.

மூன்றாவதுதான் எழுத்து. இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய அனுகூலம் காத்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கிறதல்லவா? நமது ஸ்வரக் குறிப்பும் அதே கணக்குத்தான். ஸ என்றால் ஓர் அட்சரம். ஸா என்றால் இரண்டு. இன்னும் நீள வேண்டுமானால் ஒரு காற்புள்ளி ஓர் அட்சரத்தையும், அரைப்புள்ளி இரண்டு அட்சரத்தையும் கூட்டும். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. கீழ் ஸ்தாயிக்கு அடியில் ஒரு புள்ளி. வேகம் இரட்டித்தால் மேலே ஒரு கோடு. தாளம் முடியும் இடத்தில் நிமிர்ந்த கோடு. இவ்வளவே. மேனாட்டுப் பிள்ளை ஐந்து கோடுகளையும் முட்டை முட்டையான குறிகளையும் புதிதாகப் படிக்க வேண்டும். நமது பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தையே பாடினால் போதும். குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டிலேயே ஸ்வர எழுத்துக்களைப் பாறையில் வெட்டி வைத்த நாடு இது.

மோகனம் ஏன் நல்ல வாசல்?

நமது சங்கீதத்தில் ஆரம்பப் பாடத்தை மாயாமாளவகௌளையில் தொடங்குவது மரபு. புரந்தரதாசர் வகுத்த அந்த வரிசை மிக உயர்ந்தது; ஒரு குருவின் முன் அமர்ந்து பழகும் சீடனுக்கு ஏற்றது. ஆனால் அதில் ஸட்ஜத்தை ஒட்டினாற்போல் நிற்கும் ரிஷபத்தை நாற்பது பிள்ளைகள் கூடிப் பாடினால் நாற்பது விதமாக விழும். மோகனத்தில் அந்தச் சங்கடம் இல்லை. ஸ, ரி, க, ப, த என்ற ஐந்து ஸ்வரங்களுக்கிடையே நெருக்கடியான இடைவெளி ஒன்றும் கிடையாது. அதனால்தான் தாலாட்டும் கும்மியும் போன்ற ஜனங்களின் பாட்டுகளில் இத்தகைய ஐந்து ஸ்வர வடிவங்கள் பல தேசங்களிலும் இயல்பாக வாழ்கின்றன.

ஹங்கேரியில் ஜோல்டான் கோடாய் என்ற பெரும் இசைப் புலவர் குழந்தைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க ஒரு முறையை வகுத்தார். அங்கேயும் நாட்டுப் பாடல்களின் ஐந்து ஸ்வரங்களே அஸ்திவாரம். 1950-ல் கெச்கெமேட் என்ற ஊரில் நாள்தோறும் பாட்டு வகுப்பு நடக்கும் ஆரம்பப் பள்ளி தொடங்கியது. அவர் கையாண்ட கைச்சாடைகள் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறையிலிருந்து வந்தவை. கர்வென் முறையில் 'தோ' என்ற ஆதார ஸ்வரம் இடம் மாறும்; நமது ஸட்ஜமும் அப்படியே. அந்த முறைதான் பாதிரிமார் வழியாக நம் நாட்டுத் திருச்சபைப் பாடகர் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையில் தமிழ் மொழி மூலப் பள்ளிகளில் கர்நாடக சங்கீதம் பொதுப் பரீட்சைக்கு எடுக்கும் பாடமாகவே இருக்கிறது. கடல் தாண்டிய தமிழ்ப் பிள்ளை எழுதுகிற பரீட்சையை, கரையின் இந்தப் பக்கத்துப் பிள்ளை கேள்விப்படவும் இல்லை.

மோகனத்தில் கணக்குப் பாடமும் ஒளிந்திருக்கிறது. ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பியை விறைப்பாகக் கட்டுங்கள். மீட்டினால் அது ஸட்ஜம். அடியில் ஒரு மரத்துண்டைத் தாங்கலாக வைத்து நீளத்தை 80 ஆக்கினால் ரிஷபம், 72-ல் காந்தாரம், 60-ல் பஞ்சமம், 54-ல் தைவதம், சரிபாதியான 45-ல் மேல் ஸட்ஜம். பின்னம் என்றால் வேப்பங்காயாக நினைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, மூன்றில் இரண்டு பங்கு நீளம் பஞ்சமமாகப் பாடுவதைக் காதால் கேட்டால் அதை மறக்குமா?

ஆட்சேபங்களும் பதில்களும்

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் வரும். ஒன்று, 'எழுத்தும் எண்ணும் வராத பிள்ளைக்கு ஸ்வரம் எதற்கு?' 2022-ல் சர்க்கார் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது, இந்தக் கவலையால்தான். கவலை நியாயமானது. ஆனால் அந்தத் திட்டமே ஆடலும் பாடலுமாக நடப்பது. பாடும் நேரத்தில் பத்து நிமிஷத்தைச் சுருதிக்கும் தாளத்துக்கும் கொடுப்பதால் எழுத்து கெடாது. குறில் நெடிலைத் தாளம் போட்டுப் படித்த பிள்ளைக்குச் செய்யுளும் எளிதில் வசப்படும்.

இரண்டாவது, 'எந்தச் சங்கீதம்?' கர்நாடக சங்கீதம் என்றால் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள்; நாட்டுப் பாட்டு என்றால் இன்னொரு சாரார்; சினிமாப் பாட்டு என்றால் இருவரும். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது நடந்த வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஸ்வரக் குறிப்புக்குக் கட்சி கிடையாது. வில்லுப்பாட்டையும் அதில் எழுதலாம், காவடிச்சிந்தையும் எழுதலாம், ஞானப்பாட்டையும் எழுதலாம். பிள்ளை தன் பாட்டி பாடிய தாலாட்டைத் தானே எழுதிக் கொண்டு வரும் நாளே இந்தப் பாடம் தேறிய நாள்.

மூன்றாவது, 'காகிதத்தில் எழுதினால் நம் சங்கீதத்தின் ஜீவன் போய்விடும்.' இதைச் சொல்பவர்கள் பெரிய வித்துவான்கள். அலட்சியம் செய்யக் கூடாது. குறிப்பைப் பார்த்து மட்டும் தோடி பாட முடியாது என்பது உண்மை. ஆனால் சமையல் குறிப்பு சோறாகாது என்பதற்காக அதை யாரும் கிழித்துப் போடுவதில்லை. எழுத்து குருவுக்கு மாற்று அன்று. குருவே இல்லாத ஊரில் அது ஊன்றுகோல்.

செய்யக் கூடியவை

ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இசையாசிரியரை நியமிக்கச் சொன்னால் நிதித் துறை கையை விரிக்கும். 86 இடங்களுக்கு மேல் விளம்பரம் செய்யாத ராஜ்யத்தில் அது உடனே நடக்கக் கூடியதும் அன்று. ஆகையால் முதல் வேலை, இருக்கிற வகுப்பாசிரியரைத் தயார் செய்வது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் கலைக் கல்வி என்று ஒரு பகுதி ஏற்கெனவே உண்டு. அதில் சுருதி சேர்த்தல், ஆதி தாளம், ஐந்து ஸ்வரம், அவற்றை எழுதும் முறை ஆகிய நான்கை மட்டும் கட்டாயமாக்கினால் போதும். பாடத் தெரியாத ஆசிரியரும் சுருதி ஒலியை வைத்துக்கொண்டு இதைக் கற்பிக்க முடியும்.

இரண்டாவது வேலைக்குச் செலவே இல்லை. தமிழ்த்தாய் வாழ்த்து அச்சாகும் பாடப் புத்தகத்தில், அதன் அடியிலேயே மோகன ஸ்வரக் குறிப்பையும் அச்சிட வேண்டும். மூன்றாம் வகுப்புக்குப் பாட்டின் முதல் அடி. நாலாம் வகுப்புக்குப் பாதி. ஐந்தாம் வகுப்புக்கு முழுவதும். பிள்ளை தினமும் பாடுவதைத்தான் தாளில் பார்க்கப் போகிறது. புதிதாக மனனம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

மூன்றாவதாக, ஊரில் உள்ள நாகசுரக்காரர், நையாண்டி மேளக்காரர், வில்லுப்பாட்டுக்காரர் ஆகியோரை மாதம் ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, தக்க மரியாதையும் படியும் கொடுக்க வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறவரை வகுப்பறையில் ஆசானாக உட்கார வைத்தால் பிள்ளைகள் சங்கீதத்தோடு இன்னொன்றையும் கற்பார்கள். வாத்தியம் வாசிப்பவரைத் திண்ணையில் நிறுத்திய வழக்கம் அந்த இடத்தில் ஓயத் தொடங்கும்.

2022-ல் தொடங்கிய பள்ளிக் கலைத் திருவிழாவில் பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கண்டு மகிழ்கிறோம். போட்டி, ஏற்கெனவே கற்றவனைக் கண்டுபிடிக்கும். கல்லாதவனுக்குக் கற்றுத் தராது. அந்த வேலை வகுப்பறையில்தான் நடக்க வேண்டும். ராகம், நடை, காலம் மூன்றையும் உத்தரவில் எழுதிய சர்க்கார், அவற்றின் பொருளைப் பாடுகிற பிள்ளைக்கும் சொல்லிவிட வேண்டும். அடுத்த பாடப் புத்தகம் அச்சுக்குப் போகும்போது ஓர் அரைப் பக்கத்தை அதற்கு ஒதுக்கினால், பனவடலிசத்திரத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் ஒரே ஏட்டைப் பார்த்து ஸ, ரி, க, ப, த என்று பாடத் தொடங்குவார்கள்.